பேராயரின் கடைசிக் கடிதங்கள்

சுவிற்சர்லாந்துக்கு என்னை அழைத்தது, இறந்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட ஒரு பேராயரின் கடிதங்களைப் படிப்பதற்காக. நான் போனது, உயிரோடிருக்கும் ஒரு குருவானவரிடம் கையொப்பம் வாங்குவதற்காக. முதற் காரியத்தை விசா விண்ணப்பத்தில் எழுதினேன். இரண்டாவது, பொலித்தீனில் சுற்றித் தைத்த ஒரு மாணவர் கொப்பியாக என் கைப்பையில் இருந்தது.

மன்னார்ப் பெருநிலத்தில் ஒரு சிறு கத்தோலிக்கப் பங்கு போரினால் இடம்பெயர்ந்து முகாம் முகாமாக அலைந்துகொண்டிருந்தது. அதன் பங்குத்தந்தை சூசைநாயகம் மூன்று மாத வைத்தியத்துக்கென வெளிநாடு சென்று, ஒன்பது ஆண்டுகளாகத் திரும்பாதிருந்தார். அக்காலமெல்லாம் கோயிற் காரியங்களை நடத்தியவர் அந்தோனி மூப்பர். குருவானவர் இல்லாத வேளையில் செபம் சொல்லிக் கொடுப்பதும், அடக்கத்துக்கு முன்னிற்பதும், பிழைக்காது என்று அஞ்சப்படும் குழந்தைக்குத் தண்ணீர் வார்த்து ஞானஸ்நானம் கொடுப்பதும் எங்கள் பக்கத்து மூப்பர்களின் கடமை. போர்க்காலத்தில் எல்லாக் குழந்தைகளுமே பிழைக்காது என்று அஞ்சத்தக்க குழந்தைகள்தாம் என்று அந்தோனி மூப்பர் முடிவு செய்துகொண்டார். தண்ணீர் வார்த்த ஒவ்வொரு முறையும் கொப்பியில் ஒரு வரி எழுதினார்.

ஆயர் இல்லம் சொன்னது சுருக்கமானது. பங்குத்தந்தை கையொப்பமிட்டால் அது பதிவேடு. இல்லையேல் அது கொப்பி. சூசைநாயகம் கையொப்பம் இடட்டும், அல்லது பங்கை எழுத்தில் துறக்கட்டும்.

இந்தத் தூதுக்கு என்னைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. குருமடத்தில் சூசைநாயகமும் நானும் ஒரே வாங்கில் இருந்து இலத்தீன் படித்தவர்கள். குருப்பட்டத்துக்கு முன்னமே நான் விலகி வந்து கல்லூரியொன்றில் ஆசிரியனானேன். அவர் சுவிற்சர்லாந்தில் வில் என்னும் சிறு நகரில் தங்கி, அருகிலுள்ள மடமொன்றின் நூலகத்தில் பழைய கடிதக்கட்டு ஒன்றைப் பிரித்து ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். பால்கன் நாட்டுப் பேராயர் ஒருவரின் கடிதங்கள் அவை. இன்னொரு கண் வேண்டும் என்று மடத்தாரிடம் சொல்லி எனக்கு அழைப்பு அனுப்பச் செய்தவரும் அவரே.

சூரிச்சில் என்னை எதிர்கொண்டவர் பிலிப்பு. மன்னார்க்காரர், ட்ராம் வண்டிகளைக் கழுவும் வேலை. நான்காம் வட்டாரத்தில், லாங்ஸ்ட்ராஸ என்னும் தெருவுக்குப் பின்புறம், நான்காம் மாடியில் அவர் வீடு. கீழே தமிழ்க் கடை. முருங்கைக்காய், பனங்கிழங்கு, ஒடியல் மா, வாடகைக்கு விடும் வீடியோ நாடாக்கள் எல்லாம் ஒரே தட்டில் அடுக்கப்பட்டிருந்தன. கடைக்காரரிடம் பிலிப்பு ஒரு முருங்கைக்காயை முறித்துக் காட்டினார்.

“இது காயோ, விறகோ?”

“விமானத்திலை வந்தது அண்ணை. களைச்சுப்போச்சு.”

“மாஸ்ரரும் விமானத்திலைதான் வந்தவர். அவரைப் பாரும், எவ்வளவு பச்சையா இருக்கிறார் எண்டு.”

அன்று பிட்டும் மீன் குழம்பும் உண்டோம். மீன் நோர்வேயினது, புளி தாய்லாந்தினது, கை மட்டும் மன்னாரினது. ஊரில் ஷெல் சத்தத்துக்குப் பழகிய காதுக்கு அத்தெருவின் ஒழுங்கான ஓசை விளங்கவில்லை. ட்ராம் வரும், மணி ஒருமுறை ஒலிக்கும், போகும். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மறுநாட் காலையில் தனியே வில்லுக்குப் புறப்பட்டேன். வின்ரர்தூரில் தண்ணீர் வாங்கவென்று இறங்கி, எதிர்ப்பக்கத்தில் நின்ற வேறு ரயிலில் ஏறிவிட்டேன். இரண்டும் ஒரே நிறம், ஒரே நீளம். சீட்டைப் பார்த்த பரிசோதகர், நான் ஃபிராவன்ஃபெல்ட் நோக்கிப் போய்க்கொண்டிருப்பதாக மிக்க மரியாதையுடன் அறிவித்தார். அடுத்திருந்த ஒருவர் தம் பயணத்தை முறித்து என்னோடு இறங்கினார். சாந்து படிந்த சப்பாத்து, கையில் பிளாஸ்ரிக் பை. பொஸ்னியாவிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி. திரும்பும் ரயில் வருமட்டும் இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம்.

“உங்கள் ஊரில் சண்டை முடிந்துவிட்டதா?” என்று அவர் கேட்டார்.

“இல்லை. உங்கள் ஊரில்?”

“முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். என் வீட்டில் இப்போது வேறொருவர் குடியிருக்கிறார். அவருக்கும் அதைச் சொல்லியிருப்பார்கள்.”

நான் படிக்க வந்திருக்கும் பேராயரின் நகரம் எங்குள்ளது என்பதை அவரிடம் சொன்னேன். அந்நகருக்கு மூன்று மொழிகளில் மூன்று பெயர்கள் உண்டு. நான் சொன்ன பெயரைக் கேட்டு அவர் முகம் சுருங்கியது. மற்றொன்றைச் சொன்னேன். அதற்கும் தலையசைத்தார். “பெயர் சொல்லாதீர்கள். நகரம் என்று சொன்னால் போதும்” என்றார். அவர் சொன்னபடியே இக்கட்டுரையிலும் எழுதுகிறேன்.

வில் நகரில் சூசைநாயகம் ரயில் நிலையத்துக்கே வந்திருந்தார். தலை முழுதும் நரைத்திருந்தது. முதியோர் இல்லமொன்றின் சலவைக்கூடத்தில் காலை வேலை. ஞாயிறுகளில் வில், ஆராவ், சூரிச் என்று சுற்றித் தமிழருக்குப் பூசை. பங்கு மனையின் மேல்மாடியில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள்.

“ஒரு மணித்தியாலம் பிந்தி வாறீர். குருமடத்திலையும் நீர் மணிக்கு வந்ததில்லை.”

“ரயில் மாறி ஏறிப்போட்டன்.”

“இலத்தீன் வாசிக்கத் தெரியும், பெயர்ப்பலகை வாசிக்கத் தெரியாது.”

அறையில் சோறும் சொதியும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் ஆயத்தமாயிருந்தன. உண்ட பிறகு பொதியை மேசையில் வைத்தேன். பிரிக்காமற் கொண்டுபோக வேண்டும் என்பது மூப்பரின் வேண்டுகோள். ஆதலால் உள்ளிருப்பதை நானும் அப்போதுதான் கண்டேன். எழுபத்திரண்டு வரிகள். குழந்தையின் பெயர், தாய், தந்தை, ஞானப்பெற்றோர், நாள். கடைசிப் பத்தியின் தலைப்பு, ஞானஸ்நானம் கொடுத்தவர். அப்பத்தியில் எழுபத்திரண்டு முறையும் ஒரே பெயர் எழுதப்பட்டிருந்தது: அருட்தந்தை சூசைநாயகம்.

மூப்பர் தம் பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை. பங்கு சுவாமிக்காகச் செய்வதைச் சுவாமியின் பெயரில் எழுதுவதே மரியாதை என்று அவர் எண்ணியிருக்கிறார். எங்கள் பக்கத்துக் கோயிற் பழக்கம் அறிந்த எவரும் அவரைக் குற்றம் சொல்லார். ஆனால் அந்த மரியாதையின் கீழ்க் கையொப்பமிட்டால், ஒன்பது ஆண்டுகளில் எழுபத்திரண்டு முறை சூசைநாயகம் மன்னாரில் இருந்தார் என்பது சாட்சியமாகிவிடும்.

அவர் ஏட்டை மெல்ல மூடினார்.

“நான் இல்லாத இடத்திலை என்னை இருத்தி வைச்சிருக்கிறார். இதுக்கு எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?”

“திருத்தி வையுமன்.”

“திருத்துறதெண்டால் எழுபத்திரண்டு தரம் நான் அங்கை இல்லையெண்டு எழுத வேணும்.” கொப்பியை ஒருபுறம் தள்ளினார். “நான் திரும்பிப் போவன். போய், அங்கை என்ரை மேசையிலை வைச்சு எழுதுவன். பேராயரும் கடைசியிலை போனவர்தானே. கடிதங்களை வாசியும், விளங்கும்.”

அப்பொழுது கதவு தட்டப்பட்டது. வந்தவர் றெஜினா. அதே பங்கைச் சேர்ந்தவர், ஜெனிற்றா என்னும் சிறுமியின் தாய். இங்கே பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை. கொப்பி வருகிற செய்தி பிலிப்புவின் தொலைபேசி மூலம் அவருக்கு எட்டியிருந்தது. உட்காராமலே பேசினார்.

“ஃபாதர், ஜெனிற்றாவுக்கு வாற ஞாயிறு முதல் நன்மை. இஞ்சத்தைச் சுவாமி டவுஃப்ஷைன் கேக்கிறார். மூண்டு தரம் கேட்டுட்டார்.”

டவுஃப்ஷைன் என்பது ஞானஸ்நானச் சான்றிதழ். அந்நாட்டில் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிற்றை வெள்ளை ஞாயிறு என்பர். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அன்று வெள்ளை அங்கியில் முதல் நன்மை, அதாவது முதன்முறையாக நற்கருணை, வாங்குவர். சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு மீண்டும் ஒருமுறை, முன்பு பெறாதிருந்தால் என்ற நிபந்தனையோடு, ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்று சுவிஸ் குருவானவர் அன்போடு சொல்லியிருந்தார். சூசைநாயகமும் இப்போது அதையே சொன்னார்.

“அதிலை பிழையில்லைப் பிள்ளை. ஒரு நிமிச வேலை.”

“பங்கருக்குள்ளை, மேலை ஹெலி சுத்தேக்கை, குடிக்க வைச்சிருந்த தண்ணியிலை மூப்பர் வாத்தவர். அது தண்ணியில்லையோ ஃபாதர்?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை.”

“திரும்பவும் வாத்தால் அதுதானே அர்த்தம். நான் விடமாட்டன். அவள் வெள்ளை உடுப்புப் போடாட்டிலும் பரவாயில்லை.” என் பக்கம் திரும்பினார். “மாஸ்ரர், கொப்பியிலை பிள்ளையின்ரை பேர் இருக்கோ?”

இருந்தது. முதல் வரியே ஜெனிற்றாவின் வரிதான். சூசைநாயகம் ஊரை விட்டுப் புறப்பட்டு மூன்றாம் மாதத்து நாள் அது; அவர் திரும்புவதாகச் சொல்லிச் சென்ற மாதம்.

“ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் அஞ்சு நாள் கிடக்கு” என்று சொல்லிவிட்டு றெஜினா வேலைக்குப் போனார்.

அடுத்த இரண்டு நாள்களும் மடத்து நூலகத்தில் கழிந்தன. வாயிலில் சப்பாத்தின் மேல் பெரிய கம்பளிச் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். மர நிலத்தில் நடப்பது வழுக்குவதாகவே இருந்தது. பேனைக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டும். நூலகத் துறவி செவிப்புலன் குறைந்தவர். கேட்ட கேள்வியை விட்டுவிட்டு, கேட்கவேண்டிய கேள்விக்கு விடை சொல்வார். நண்பகலில் உருகிய பாற்கட்டியை அவித்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றித் தந்தார்கள். மிளகாய் இல்லையா என்று கேட்க நா எழுந்தது. மடத்தின் அமைதி அதை அடக்கியது.

பேராயரின் பெயர் எந்த ஏட்டிலும் முழுமையாக இல்லை. அக்கால வழக்கப்படி முதலெழுத்து மாத்திரம் உண்டு. ஆயினும் வாழ்க்கை தெளிவாகவே தெரிகிறது. அத்ரியாட்டிக் கடலோரத்தில் உப்பளத் தொழிலாளி ஒருவருக்குப் பிறந்தவர். பெற்றோரை இழந்து பிரான்சிஸ்கன் சகோதரரிடம் வளர்ந்தார். கடல் கடந்து பதுவாவில் திருச்சபைச் சட்டம் பயின்றார். முன்னிருந்த பேராயருக்கு எழுத்தராக இருந்து, அவர் மறைந்த பின் அந்நகரின் பேராயரானார். கடல் வணிகர் ஒருபுறம், மலைப் பிரபுக்கள் மறுபுறம், கீழைச் சபையார் இன்னொருபுறமாக நகரை இழுத்த காலம் அது. ஒரே தெருவில் இரு சபைக் கோயில்களும் இருந்தன. அவர் இரண்டின் முன்னாலும் தொப்பியைக் கழற்றி நடந்தார் என்று பகைவரே எழுதியிருக்கிறார்கள். இடிந்துபோன நீர்த்தொட்டியைக் கட்டுவித்தார். ஐந்து ஆண்டுகள் அங்கிருந்தார்.

பின்னர் பாசல் நகரில் ஆயர்களின் பொதுச்சங்கம் கூடியது. தம் நகருக்கு உதவி வேண்ட அங்கே போனார். போயிருந்தபோது நகரம் முற்றுகையிடப்பட்டது. வழி அடைபட்டது. சங்கத்தார் உதவி அளிப்பதாகச் சொன்னார்கள், சொல்லிக்கொண்டேயிருந்தார்கள். சங்கம் கலைந்த பின்பு இந்த மடத்தார் அவரை ஏற்று ஓர் அறை கொடுத்தனர். பட்டத்தை அவர் விடவில்லை. இங்கிருந்தே நகருக்குக் கடிதங்கள் எழுதினார். அவற்றின் படிகள்தாம் இக்கட்டில் உள்ளன. தொடக்கக் கடிதங்களின் அடியில் எழுதிய இடமாகப் பாசலோ இந்த மடமோ குறிக்கப்பட்டிருக்கிறது. கடைசிப் பதினொரு கடிதங்களின் அடியிலோ, அவரது சொந்த நகரின் பெயர் இருக்கிறது. முதுமையில் அவர் திரும்பிப் போய்விட்டார் என்று சூசைநாயகம் நம்பியது இதைக் கொண்டே.

முதல் நாள் மாலைவரை நானும் நம்பினேன். இரண்டாம் நாள் ஒரு கடிதத்தை மூன்றாம் முறை படித்தபோது ஒரு வாக்கியத்தில் தடுக்கி நின்றேன். நகரிலுள்ள ஒரு முதிய குருவுக்கு எழுதிய கடிதம் அது. பேராயர் பல செய்திகளைச் சொல்லி, நடுவில், தலைமைக் கோயிலின் மணி இன்னும் ஒலிக்கிறதா என்று விசாரிக்கிறார். அந்நகரத்தின் முழு அகலமே ஒரு கல்லெறி தூரம். அதற்குள் இருக்கும் ஒருவர் கேட்கவேண்டிய கேள்வியன்று அது.

துறவியிடம் அக்கால மடத்துப் பிரதிகளைக் கேட்டு வாங்கினேன். கடைசிப் பதினொரு கடிதங்களை எழுதிய கையும், மடத்துச் சமையற் குறிப்புகளையும் தோட்டக் குறிப்புகளையும் எழுதிய கையும் ஒன்றே. எழுத்தர் இந்த மடத்துத் துறவி. பேராயருக்குக் கை நடுங்கத் தொடங்கியபின் அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எழுத்தர்கள் பின்பற்றிய கடித மாதிரி நூலின்படி, எந்த ஆயரின் கடிதத்துக்கும் அந்த ஆயரின் ஆசனம் உள்ள ஊரை அடியில் இடுவது இந்த எழுத்தரின் வழக்கம். பேராயர் இந்த மடத்தை விட்டு எங்கும் போகவில்லை.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஏப்ரல் மாதத்து ஈரப் பனி, ஆப்பிள் மரங்களின் மேல் விழுந்துகொண்டிருந்தது. இதைச் சொல்லாதிருப்பது எளிது. சொல்லாவிட்டால் சூசைநாயகம் திரும்பிப் போகும் நினைப்போடு இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருப்பார். அந்நினைப்பில் ஒரு மானம் இருந்தது. ஆனால் ஞாயிறு வருகிறது. ஒரு பெண் பிள்ளைக்கு எட்டரை வயது.

அன்று, வியாழன் மாலை, வில்லின் பழைய நகருக்குக் கீழேயுள்ள குளக்கரையில் நடந்தபோது சொன்னேன். அவர் நின்றார். வாத்துகளுக்கு எறிவதற்காகக் கொண்டுவந்த பாண்துண்டைக் கையிலேயே நசுக்கினார்.

“மணியைப் பற்றி ஆரும் கேப்பினம். நோயிலை கிடந்திருப்பார், காது கேக்காதிருக்கும்.”

“எழுத்து இந்த மடத்துக் கை.”

“மடத்துத் துறவி கூடப் போயிருக்கலாம்.”

“அதே கை அதே மாதத்திலை மடத்துத் தோட்டத்திலை கோவாக்கன்று நட்டதை எழுதியிருக்கு.”

“உமக்கு எப்பவும் பிழை பிடிக்கிறதுதான் தொழில்” என்றார். சிறிது தூரம் போய்த் திரும்பினார். “குருமடத்திலையிருந்து நீர் ஏன் போனீர் தெரியுமோ? கடவுளிலையும் எழுத்துப்பிழை கண்டனீர்.”

நான் மறுக்கவில்லை. இருவரும் மேடேறினோம்.

வெள்ளிக்கிழமை சலவைக்கூடத்தில் விடுப்புக் கேட்டுக்கொண்டு அவரே நூலகத்துக்கு என்னோடு வந்தார். என்னை நம்பாமல் வந்தார். எழுத்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். பிறகு, இன்னும் எதையாவது தேடுபவர்போல், கட்டின் அடியிலிருந்த தனித்தாள் ஒன்றை எடுத்தார். அதன் உறையில் துறவியின் சீட்டு இருந்தது: பெயர்ப் பட்டியல், நோக்கம் தெரியவில்லை.

தாள் மற்றவற்றினும் முரடானது. யாரோ சப்பாத்துக்குள் வைத்துக் கொண்டுவந்ததுபோல் மிகச் சிறிதாக மடிக்கப்பட்டிருந்தது. கை வேறு, தென்னாட்டுக் கை. ஒவ்வொரு வரியிலும் இரண்டிரண்டு பெயர்கள், ஆணும் பெண்ணுமாக. பல வரிகளின் இறுதியில் சிறிய எழுத்தில் மூன்றாவது பெயர், நான்காவது பெயர். மூன்று நாள்களுக்கு முன் என்றால் எனக்கும் இதன் நோக்கம் தெரிந்திராது. மூப்பரின் கொப்பியைக் கண்டபின் தெரியாமலிருக்க வழியில்லை.

“கலியாணங்கள்” என்றார் சூசைநாயகம் மெதுவாக.

முற்றுகைக்குள் அடைபட்ட சிறு நகரில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு. நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்கப் பேராயரின் அனுமதி வேண்டும். பேராயரோ இல்லை. முதிய குரு தாமே மணமுடித்து வைத்து, பிறந்த பிள்ளைகளின் பெயர்களையும் சேர்த்து எழுதி, அங்கீகரித்து முத்திரையிட்டுத் தரும்படி யாரோ ஒருவரின் சப்பாத்துக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார். அங்கீகாரம் வரும்வரை அந்தக் கலியாணங்கள் கலியாணங்களல்ல. அந்தப் பிள்ளைகள் முறையான பிள்ளைகளல்ல. தாளின் அடியில் முத்திரைக் கயிறு கோப்பதற்கு இரண்டு துளைகள் வெட்டப்பட்டிருந்தன. கயிறுமில்லை, மெழுகின் கறையுமில்லை.

சூசைநாயகம் தாளை மேசையில் வைத்தார். மடிப்புகளைத் தடவிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து கேட்டார்.

“இது ஏன் இஞ்சை கிடக்குது?”

அவர் கேட்டது என்னையன்று. முத்திரையிட்டிருந்தால் அத்தாள் நகருக்குத் திரும்பிப் போயிருக்கும். எந்தச் சுவிஸ் நூலகத்திலும் அது இருந்திராது. தம் நகரில், தம் மேசையில் வைத்து முத்திரையிடவேண்டும் என்று பேராயர் எண்ணியிருக்கலாம். போகும் நாளுக்காக வைத்திருந்திருக்கலாம். ஐந்நூறு ஆண்டுகளாக அது போகவில்லை. அதிலுள்ள ஒவ்வொருவரும் விடைக்குக் காத்திருந்தே செத்துப்போனார்கள்.

நூலகத் துறவி எங்களருகே வந்து குனிந்து, ஏதேனும் கண்டுபிடித்தீர்களா என்று ஜெர்மன் மொழியில் கேட்டார்.

“சீட்டிலை எழுதச் சொல்லும்” என்றார் சூசைநாயகம் என்னிடம். “விடை போகாத விண்ணப்பம் எண்டு.”

ரயிலில் திரும்புகையில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: மூப்பரின் முழுப்பெயர் எனக்குத் தெரியுமா என்று. தெரியும் என்றேன்.

சனிக்கிழமை காலை பங்கு மனையின் சமையலறை மேசையைத் துடைத்து, கொப்பியை விரித்தார். முதல் வரியில் தம் பெயரை ஒற்றைக் கோட்டால் வெட்டினார். எழுத்து மறையாதபடி வெட்டினார். மேலே, மரியான் அந்தோனி மூப்பர் என்று எழுதினார். பக்கத்தில், “அந்நாளில் நான் பங்கில் இருக்கவில்லை. இந்த ஞானஸ்நானம் உண்மையானது என்று ஏற்றுக்கொள்கிறேன்” என எழுதிக் கையொப்பமிட்டார். கையொப்பத்தின் கீழே இடம், வில். நாள், அன்றைய நாள்.

பத்தாம் வரியில், எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து அடியில் ஒரு குறிப்பு எழுதினால் போதாதா என்று கேட்டேன். சட்டப்படி போதும்.

“ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் தனித்தனியாத்தான் இல்லாமல் போனனான்” என்றார்.

நண்பகலுக்கு றெஜினா வந்தார். தொழிற்சாலை உடுப்போடே வந்திருந்தார். அடுப்பைக் கண்டதும், ஒன்றும் சமைக்கவில்லையா என்று எங்களைக் கடிந்து, உப்புமா கிண்டித் தந்தார். சூசைநாயகம் இடக்கையால் உண்டபடி வலக்கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

“ஃபாதர், சாப்பிட்டிட்டு எழுதுங்கோவன். கொப்பி எங்கையும் ஓடாது.”

“அதுதான் பிள்ளை பயம்” என்றார் அவர்.

சில வரிகளில் பெயருக்கு எதிரே மூப்பர் சிறு சிலுவை இட்டிருந்தார், அக்குழந்தைகள் இறந்துவிட்டன. அவ்வரிகளில் சூசைநாயகத்தின் பேனை அதிக நேரம் நின்றது. அவற்றையும் அவர் விடவில்லை. எழுபத்திரண்டாம் வரி முடிய மூன்று மணியாயிற்று. பின்னர் வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, ஆயருக்குக் கடிதம் எழுதினார். வசனத்தைப் பார்த்துத் திருத்தித் தரும்படி என்னிடம் நீட்டினார். பங்கைத் துறக்கிறேன், ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும், மூப்பர் செய்தவை யாவும் இனி அவர் பெயரிலேயே எழுதப்படட்டும். இவ்வளவே. திருத்துவதற்கு எதுவுமில்லை. பேராயர் சாகும்வரை பிடித்துக்கொண்டிருந்த பட்டத்தை இவர் மூன்று வாக்கியங்களில் இறக்கிவைத்தார். எழுதி முடித்ததும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தம் ஊரின் பெயரை மட்டும் ஒருமுறை வாய்க்குள் சொன்னார்.

வெள்ளை ஞாயிறு. பூசைக்கு முன் உடைமாற்றும் அறையில் சுவிஸ் குருவானவர் ஜெனிற்றாவின் சான்றிதழை வாங்கிப் படித்தார். முந்தின மாலை சூசைநாயகம் ஜெர்மன் மொழியில் எழுதிக் கொடுத்தது அது. ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில் குருவானவரின் விரல் நின்றது.

“இந்த அந்தோனி யார்? குருவா?” என்று கேட்டார்.

“எங்கடை மூப்பர்” என்றார் றெஜினா, தமிழிலேயே. வெள்ளை அங்கியணிந்த பிள்ளை அதை ஜெர்மனில் எப்படிச் சொல்வதென்று யோசித்து, சொல்லாமல் விட்டாள்.

குருவானவர் சூசைநாயகத்தைப் பார்த்தார். மன்னாரிலுள்ள ஒரு பங்கின் பங்குத்தந்தை என்று ஒன்பது ஆண்டுகளாக அவரை எல்லாருக்கும் அறிமுகப்படுத்தி வந்தவர் அவர்தான்.

“அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?” குற்றம் சாட்டுங் குரலன்று, நிரப்ப வேண்டிய ஒரு கட்டத்தை நிரப்பும் குரல்.

“இங்கே” என்றார் சூசைநாயகம். “நான் இங்கே இருந்தேன்.”

குருவானவர் தலையசைத்துச் சான்றிதழைக் கோப்பில் வைத்தார். பிள்ளைகள் இருவர் இருவராக வரிசையில் நின்றார்கள். ஜெனிற்றாவுக்குப் பக்கத்தில் நின்ற பையனின் பெயர் பால்கன் நாட்டுப் பெயர். பூசையில் சூசைநாயகம் பீடத்துக்குப் போகவில்லை. தமிழர் இருந்த வாங்கில், பிலிப்புக்கும் எனக்கும் நடுவில், மற்றவர்களைப்போல் முழந்தாளிட்டிருந்தார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் என் பையைத் திறந்து கொப்பி உள்ளே இருக்கிறதா என்று தாமே பார்த்தார். பகல் விருந்துக்கு நிற்கும்படி றெஜினா வற்புறுத்தினார். கோழி பொரித்திருக்கிறது என்று பிலிப்பும் சொன்னார். சூசைநாயகம் கேட்கவில்லை.

“நீர் இண்டைக்கே வெளிக்கிடும். இனி ஒரு நாளும் இது என்ரை மேசையிலை கிடக்கக்கூடாது.”

ரயில் நிலையம்வரை வந்தார். எந்த மேடை, எந்த ரயில் என்று இருமுறை காட்டிவிட்டு, வண்டி அசையும்வரை சன்னலருகிலேயே நின்றார். இரண்டு வாரம் கழித்து, மன்னாரில் ஒரு தகரக் கொட்டகையில், அந்தோனி மூப்பரின் கையில் கொப்பியைக் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியைப் படித்தார். வெட்டப்பட்ட பெயரையும் அதன் மேலிருந்த தம் பெயரையும் நெடுநேரம் பார்த்தார்.

“சுவாமி வரமாட்டார், என்ன மாஸ்ரர்” என்றார்.

ஓம் என்றேன். அவர் கொப்பியை மூடித் தலைமாட்டில் வைத்துவிட்டு, வாயிலில் குழந்தையோடு காத்துநின்றவர்களை உள்ளே வரச் சொன்னார்.